பெருந்தொற்றுக் காலத்தில் இளையோரின் உதவும் நடத்தை

உதவும் நடத்தை என்பது பிறர் நலனுக்காக ஒருவர் தாமாக முன்வந்து செய்யும் செயலைக் குறிக்கும். பெருந்தொற்றுக் காலத்தில் இளையோரிடம் இந்நடத்தை எவ்வாறு தோன்றுகிறது, எவற்றால் தடைப்படுகிறது என்பன சமூக உளவியலிலும் வளர்ச்சி உளவியலிலும் ஆராயப்படும் வினாக்களாகும். 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார அமைப்பு கோவிட்-19 நோயைப் பெருந்தொற்று என அறிவித்ததைத் தொடர்ந்து, பல நாடுகளில் இது குறித்த ஆய்வுகள் மேற்கொள்ளப்பட்டன. தமிழ்நாட்டில் நோயை எதிர்கொண்ட காலத்து நிகழ்வுகளும் இந்நடத்தையின் இரு பக்கங்களையும் காட்டுகின்றன.

கருத்துருவின் தோற்றம்

1964 மார்ச்சு மாதம் நியூயார்க் நகரில் கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண் கொலை செய்யப்பட்டார். 38 பேர் பார்த்திருந்தும் எவரும் உதவவில்லை என்று நாளிதழ் ஒன்று எழுதியது. அச்செய்தி மிகைப்படுத்தப்பட்டது என்பது பின்னாளில் தெரியவந்தது. எனினும் அது பிப் லட்டானே, ஜான் டார்லி ஆகிய உளவியலாளர்களை ஆய்வுக்குத் தூண்டியது. அருகில் பலர் இருக்கும்போது தனி மனிதர் உதவ முன்வரும் வாய்ப்பு குறைகிறது என்பதை அவர்கள் 1968 இல் வெளியான சோதனைகளில் காட்டினர். இது பார்வையாளர் விளைவு எனப்படுகிறது.

உதவி என்பது ஒரே முடிவு அன்று, ஐந்து படிகளைக் கொண்டது என்பது இவர்களது விளக்கம். அவையாவன:

1. நிகழ்வைக் கவனித்தல்
2. அது உதவி தேவைப்படும் நிலை எனப் புரிந்துகொள்ளுதல்
3. பொறுப்பு தன்னுடையது என ஏற்றல்
4. உதவும் வழியை அறிந்திருத்தல்
5. செயற்படுத்தல்

இவற்றுள் ஏதேனும் ஒரு படியில் தடை ஏற்பட்டாலும் உதவி நிகழாது.

பெருந்தொற்றும் ஐந்து படிகளும்

சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடிக்கு அருகிலுள்ள பள்ளத்தூர் பேரூராட்சியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்கலாம். செட்டிநாட்டு ஊர்களில் நீண்ட முகப்பும் வளவும் கொண்ட பெரிய வீடுகள் பல உள்ளன. பிள்ளைகள் சென்னையிலோ வெளிநாட்டிலோ வாழ, முதியவர் ஓரிருவர் மட்டுமே தங்கியிருக்கும் வீடுகள் அவற்றுள் உண்டு. 2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது, இத்தகைய வீட்டில் இருக்கும் முதியவருக்கு மருந்து தீர்ந்துவிட்டது எனக் கொள்வோம்.

அடுத்த தெருவில் வாழும் மாணவி ஒருவர் அவரைக் கண்டிருக்க வாய்ப்பில்லை. ஊரடங்கு முதற்படியையே தடுத்துவிடுகிறது. கதவு மூடியிருப்பது பாதுகாப்பின் அடையாளமா, இயலாமையின் அடையாளமா என்பதும் வெளியிலிருந்து தெரியாது. இது இரண்டாம் படியின் தடை. "உறவினர் யாரேனும் பார்த்துக்கொள்வர்" என ஒவ்வொருவரும் எண்ணினால் பொறுப்பு பலருக்கிடையே சிதறிவிடும். பொறுப்பை ஏற்றாலும், வெளியே செல்ல அனுமதி உண்டா, மருந்தை எவ்வாறு பாதுகாப்பாகக் கொடுப்பது என்பன தெரிந்திருக்க வேண்டும்.

தெருவுக்கு ஒருவர் எனப் பொறுப்பைப் பெயர் குறித்து ஒப்படைத்தல், முதியோரை நாள்தோறும் தொலைபேசியில் அழைத்தல் போன்ற எளிய ஏற்பாடுகள் பயனளிப்பதன் காரணம் இதுவே. அவை மனிதரின் இயல்பை மாற்றுவதில்லை. முதல் நான்கு படிகளின் தடைகளை நீக்குகின்றன.

கல்வி நிறுவனங்களின் பங்கும் இங்கு கருதத்தக்கது. 1969 இல் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டம் கல்லூரிகள் வழியாக மாணவரைத் தொண்டில் ஈடுபடுத்துகிறது. பள்ளத்தூரிலுள்ள சீதாலட்சுமி ஆச்சி மகளிர் கல்லூரி போன்ற சிற்றூர்க் கல்லூரிகள் சுற்றுப்புற ஊர்களின் மாணவியரை ஒன்றுசேர்க்கும் இடங்களாகும். கல்லூரிகள் மூடப்படும்போது பாடம் மட்டுமன்றி, இணைந்து உதவுவதற்கான பழக்கமான வழியும் தடைப்படுகிறது.

பரிவும் மனக்கலக்கமும்

துன்புறுவோரைக் காணும்போது இருவகை உணர்ச்சிகள் எழுகின்றன என்பது டேனியல் பேட்சனின் கருத்து. ஒன்று, பிறர்மீது எழும் பரிவு. மற்றொன்று, அக்காட்சியால் தனக்கே ஏற்படும் மனக்கலக்கம். கலக்கம் மேலோங்கியவர், விலகிச் செல்லும் வழி எளிதாயின் விலகிவிடுவார். பரிவு மேலோங்கியவர் வழி இருப்பினும் நின்று உதவுவார். பெருந்தொற்றில் விலகுவதற்கான வழி எப்போதும் திறந்தே இருந்தது; கதவை மூடிக்கொள்வதே விதியாகவும் இருந்தது. எனவே அக்காலத்தில் உதவுதல் பரிவையே பெரிதும் சார்ந்திருந்தது எனலாம்.

அச்சம் பரிவை மீறும்போது நேர்வதற்குச் சென்னை நிகழ்வு ஒன்று சான்றாகும். 2020 ஏப்ரல் 19 அன்று கோவிட்-19 நோயால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் தாக்குதல் நடத்தியது. இதற்கு நேர்மாறாக, தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம் முதலிய அமைப்புகளின் தன்னார்வலர்கள் நோயால் இறந்தோரின் உடல்களைச் சமய வேறுபாடின்றி அடக்கமும் தகனமும் செய்தனர். நோய் குறித்த அச்சம் பொதுவானதே. செய்யும் முறையை அறிந்திருந்ததும், குழுவாகச் செயற்பட்டதும் தன்னார்வலரை வேறுபடுத்தின.

விலகியிருத்தலும் உதவியே

பிற பேரிடர்களில் உதவுபவர் துன்புறுவோரை நெருங்கிச் செல்கிறார். பெருந்தொற்றில் நெருங்கிச் செல்பவரே நோயைக் கொண்டுசெல்லக்கூடும். ஆகவே முகக்கவசம் அணிதலும் இடைவெளி பேணுதலும் உதவும் நடத்தையின் வகைகளாகக் கருதப்பட்டன. 2020 இல் அமெரிக்கப் பதின்ம வயதினர் 683 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், விலகியிருப்பதற்கான காரணங்களாகச் சமூகப் பொறுப்பும், பிறர் நோயுறக் கூடாது என்ற எண்ணமுமே மிகுதியாகக் குறிப்பிடப்பட்டன. இளையோர் தம்மைப் பற்றி மட்டுமே எண்ணுவர் என்ற பரவலான கருத்துக்கு இது மாறானது.

நெதர்லாந்தில் அதே ஆண்டு சிறிய அளவில் நடத்தப்பட்ட நாட்குறிப்பு ஆய்வு மற்றொரு பக்கத்தைக் காட்டியது. ஊரடங்கின்போது இளையோர் பிறருக்கு உதவும் வாய்ப்புகள் குறைந்தன. ஆயினும் பங்கிட்டுக் கொடுக்கும் சோதனையில், அவர்கள் தம் நண்பரைவிட மருத்துவருக்கும் நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவருக்கும் கூடுதலாகக் கொடுத்தனர். குறைந்தது வாய்ப்பேயன்றித் தேவையறிந்து கொடுக்கும் மனம் அன்று என்பது இதிலிருந்து பெறப்படும்.

இல்லம் தேடிக் கல்வி

தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையான வகுப்புகள் 2020 மார்ச்சு முதல் 2021 அக்டோபர் இறுதி வரை நேரடியாக நடைபெறவில்லை. இதனால் ஏற்பட்ட கற்றல் இழப்பைச் சரிசெய்ய, 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை மாநில அரசு தொடங்கியது. ஏறத்தாழ 2 இலட்சம் தன்னார்வலர் இதில் பணியாற்றினர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். தம் குடியிருப்புப் பகுதியிலேயே மாலை வேளைகளில் சிறுவர்க்குக் கற்பித்த அவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை வழங்கப்பட்டது.

அபிஜீத் சிங், மொரீசியோ ரொமெரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் ஊரகத் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 19,000 சிறுவரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2022 இல் வெளியானது. பள்ளிகள் திறந்து 6 மாதங்களுக்குள் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீட்கப்பட்டது என்றும், அம்மீட்சியில் ஏறத்தாழ 24 விழுக்காடு இத்திட்டத்தால் விளைந்தது என்றும் அவ்வாய்வு கணித்தது.

பணம் பெற்றுச் செய்வது தொண்டாகுமா என்ற வினா இங்கு எழுகிறது. குருதிக்கு விலை கொடுப்பது கொடையுணர்வைக் குறைக்கும் என ரிச்சர்ட் டிட்மஸ் 1970 இல் வாதிட்டார். மறுபுறம், வருவாய் குறைந்த குடும்பத்து இளையோர்க்குச் சிறு தொகையும் இல்லாவிடின் தொண்டு என்பது வசதியுடையோர்க்கு மட்டுமே இயல்வதாகிவிடும் என்பது எதிர்வாதமாகும்.

உதவுபவர் நலன்

பதின்ம வயதில் ஒருவர் "நான் யார்?" என்ற அடையாளத்தைத் தேடுகிறார் என்பது எரிக் எரிக்சனின் கோட்பாடு. குடும்பத்துக்கும் சமூகத்துக்கும் பங்களிப்பது இப்பருவத்தின் அடிப்படைத் தேவைகளுள் ஒன்று என அண்ட்ரூ ஃபுலிக்னி கூறுகிறார். ஒத்த வயதினரின் பாராட்டு இளையோரின் கொடையை அதிகரிக்கிறது என்பதும் ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது. நண்பர் குழுவின் செல்வாக்கு தீய பழக்கங்களுக்கு மட்டுமன்றி நற்செயல்களுக்கும் வழிவகுக்கும் என்பதை இது உணர்த்துகிறது.

எனினும் உதவுதல் எல்லையற்றதாக இருத்தல் இயலாது. தொடர்ந்து நோயையும் இறப்பையும் காண்போர் மனச்சோர்வுக்கு உள்ளாகக்கூடும். பெற்றோரை இழந்த நிலையிலோ குடும்ப வருவாய் நின்ற நிலையிலோ உள்ள இளையவர் உதவி பெற வேண்டியவரேயன்றி, உதவ வேண்டும் என வற்புறுத்தப்பட வேண்டியவர் அல்லர். பயிற்சி, பாதுகாப்புக் கருவிகள், முறைவைத்து ஓய்வு, மனந்திறந்து பேச ஒரு மூத்தவர் ஆகியவை அமையும்போதே இளையோரின் தொண்டு நீடித்து நிற்கும்.