டிரம்முக்குள் ஓர் உரத் தொழிற்சாலை

திருவொற்றியூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மொட்டை மாடியில் 200 லிட்டர் டிரம் ஒன்றில் மீன், அதன் மேல் ஜல்லி நிரப்பிய தொட்டியில் கீரை, இரண்டுக்கும் நடுவே சின்ன பம்பு. கொளத்தூரில் வாங்கிவந்த 40 குஞ்சுகளும் ஒன்பதாம் நாளுக்குள் செத்து மிதந்துவிட்டனவாம். “தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. தீவனமும் நல்ல தீவனம்தான். எதில் தப்பு செய்தேன்?” என்று கேட்கிறார்.

அவசரம்தான் தப்பு. அம்மோனியாவுக்கு நிறமில்லை, தண்ணீர் தெளிவாக இருந்தது என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

அம்மோனியாவை வடசென்னைக்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 26 இரவு, எண்ணூர் பெரியகுப்பம் அருகே, கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அதைக் கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. கண் எரிந்து, மூச்சு முட்டி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். அதே பொருளைத்தான் ஒவ்வொரு மீனும் செவுள் வழியே ஓயாமல் வெளியேற்றுகிறது. 100 கிராம் தீவனத்தில் ஏறத்தாழ 5 கிராம் நைட்ரஜன் இருக்கும். மீனின் உடம்பில் சேர்வது அதில் ஒரு சிறு பங்கு. மிச்சத்தில் பெரும்பகுதி அம்மோனியாவாகத் தண்ணீரில் கலக்கிறது. ஏரியில் அது பரவிப்போகும். டிரம்மில் எங்கே போகும்?

பம்பு, குழாய், வடிகால் பற்றி நான் எழுதப்போவதில்லை. உங்கள் தெரு பிளம்பருக்கு அது அரை நாள் வேலை. ஜல்லியில் குடியேறும் நுண்ணுயிர்களைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல ஆசை. மீனையும் கீரையையும் சேர்த்து வளர்க்கும் இந்த முறைக்கு வைத்த அக்வாபோனிக்ஸ் என்ற பெரிய பெயருக்குப் பின்னால் இருப்பவை அவைதாம். அம்மோனியாவை நைட்ரைட் ஆக்குவது ஒரு கூட்டம். நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சுதான். இரத்தம் பழுப்பேறி ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட் ஆக்கினால், அது கீரைக்கு உரம். 1890 வாக்கில் சூரிச் நகரில் ரஷ்ய அறிஞர் செர்கெய் வினோகிராட்ஸ்கி இவற்றைப் பிரித்தெடுத்துக் காட்டினார். இவற்றுக்குச் சர்க்கரை வேண்டாம், வெயில் வேண்டாம். அம்மோனியாவிலிருந்தும் நைட்ரைட்டிலிருந்தும் கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு, தண்ணீரில் கரைந்த கரியமில வாயுவிலிருந்தே உடம்பைக் கட்டிக்கொள்கின்றன.

இரண்டு படி, இரண்டு கூட்டம் என்றுதான் நூறாண்டுக்கும் மேலாகப் பாடம் நடத்தினார்கள். 2015 டிசம்பரில் அந்தப் பாடம் மாறியது. நைட்ரோஸ்பைரா இனத்தில் சில, இரண்டு வேலையையும் தாமே முடித்துவிடுகின்றன என்று இரண்டு ஆய்வுக்குழுக்கள் ஒரே சமயத்தில் அறிவித்தன. ஒரு குழுவுக்கு அது கிடைத்த இடம், ரஷ்யாவில் ஆழமான எண்ணெய்க் கிணறு ஒன்றின் வெந்நீர்க் குழாயில் படிந்த வழுக்கல். மற்றக் குழுவுக்கு? மீன் வளர்க்கும் தொட்டியின் வடிகட்டியில்! இத்தனை காலம் கண்ணில் படாத உயிர் மீன்களோடு ஒரே வீட்டில் குடியிருந்திருக்கிறது. இதைப் படித்த நாளிலிருந்து தொட்டியின் வழவழப்பை பிரஷ் போட்டுத் தேய்க்க எனக்கு மனம் வருவதில்லை.

ஆனால் இவை நிதானமாகத்தான் பெருகும். தயிர் ஒரே இரவில் உறைகிறது. இவை இரட்டிப்பாகவே ஒரு நாள் போல ஆகும். ராயபுரத்தில் நாங்கள் வாடகை வீடு மாறிய போதெல்லாம், பால் காய்ச்சிய கையோடு அம்மா பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி உறைமோர் கேட்டு வாங்குவார். புது டிரம்முக்கும் அதுதான் வழி. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியிலிருந்து ஒரு கை ஜல்லியை ஈரம் காயாமல் கொண்டுவந்து போடுங்கள். மீன் விடாமல், தினம் ஒரு சிட்டிகை தீவனத்தை மட்டும் போட்டு அழுகவிடுங்கள். நான்கிலிருந்து ஆறு வாரம் பொறுக்க வேண்டும்.

தண்ணீர் விஷயத்திலும் நம் பகுதிக்குத் தனிக் கவனம் தேவை. மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறுவது 1960களின் இறுதியிலேயே தெரியவந்தது. உப்பேறிய போர் தண்ணீரில் கீரை கருகும். மழைநீர் நல்லது. மெட்ரோ வாட்டர் என்றால் ஒரு நாள் திறந்து வைத்துக் குளோரின் போன பிறகு ஊற்றுங்கள். இல்லாவிட்டால் மீனுக்கும் கெடுதல், நுண்ணுயிருக்கும் சாவு. நாளாக ஆக நுண்ணுயிர்களின் வேலையால் தண்ணீர் புளிக்கும். பிஎச் 6-க்குக் கீழே போனால் அவை சோர்ந்துவிடும். துணிப் பையில் கொஞ்சம் கிளிஞ்சலைக் கட்டித் தொங்கவிட்டால் போதும். காரம் ஏறவிடுவதோ அதைவிட ஆபத்து. நம் ஊர் வெப்பத்தில், பிஎச் 7-இல் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது; பிஎச் 9-இல் நூற்றில் 40 பங்கு அப்படி மாறிவிடும்.

டிரம்மையும் விசாரித்து வாங்குங்கள். மணலியிலும் திருவொற்றியூரிலும் மலிவாகக் கிடைக்கும் நீல டிரம்கள் முன்பு எதைச் சுமந்தன என்று விற்பவருக்கே தெரியாது. உணவுப் பொருள் வந்த டிரம் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் வேண்டாம்.

கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர் முகத்துவாரம், பம்பு எதுவும் இல்லாமல் கழிவை உரமாக்கும் இதே வேலையைச் செய்துவந்த இடம். சேறும் அலையாத்தி வேர்களும்தான் அங்கே ஜல்லி. அதை நம்பி மடவையும் இறாலும் வளர்ந்தன. அதன்மேல் அனல்மின் நிலையச் சாம்பலைப் படியவிட்டோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து படர்ந்தபோது, மீனவர்களே படகில் போய் அதை வாளியில் அள்ளினார்கள். மாடியில் டிரம் வைப்பது நல்ல காரியம். அதைக் காட்டி முகத்துவாரத்தைக் கைகழுவ நினைப்பது அநியாயம்.

சகோதரி, செத்த மீன்களை எடுத்துவிட்டு ஜல்லியை அப்படியே விடுங்கள். அதில் குடியேற்றம் தொடங்கியிருக்கும். கலர் மீன் கடைகளில் விற்கும் சோதனைப் பெட்டியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகு பத்துக் குஞ்சுகள் மட்டும் விடுங்கள். பனையேறிக் கெண்டை கிடைத்தால் நல்லது. மேலே வந்து காற்றையும் சுவாசிக்கும் மீன் அது. மின்வெட்டில் பம்பு நின்றாலும் தாங்கும். பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் நடுங்கள், இரண்டும் ஈரம் விரும்பிகள். டிரம்முக்கு வலை மூடி கட்டாயம் வேண்டும். பனையேறி வெளியே ஏறிப்போய்விடும்.