தனுஷ்கோடி ரயிலுக்கு ஏஐ போட்டோ வேணுமா?

"போட்டோவுல ஏஐ யூஸ் பண்றது தப்பா?"ன்னு நிறைய பேர் கேக்குறீங்க. பொதுவா பேசினா இது முடியவே முடியாது. அதனால ஒரே ஒரு இடத்தை வச்சுப் பேசுவோம்: ராமேஸ்வரம் தீவோட கடைசி முனை, தனுஷ்கோடி.

1964 டிசம்பர் 22 ராத்திரி அடிச்ச புயல்ல அந்த ஊரே அழிஞ்சது. பாம்பன்ல இருந்து வந்த பாசஞ்சர் ரயில், ஸ்டேஷனை நெருங்குற நேரத்துல அலையில போயிடுச்சு. இன்னைக்கு மிச்சம் இருக்கிறது கூரையில்லாத சர்ச், ஸ்டேஷனோட சுவர், இன்னும் சில இடிபாடுகள்.

அந்த சர்ச் போட்டோவுல ஒரு திமிங்கலத்தைப் பறக்க விடுங்க, பாம்பன் பாலத்து மேல டைனோசரை நடக்க விடுங்க, எனக்கு ஒரு பிரச்சனையும் இல்ல. யாரும் நம்பப் போறதில்ல. பார்த்துச் சிரிப்பாங்க, அவ்வளவுதான்.

பின்னாடி நிக்கிற கூட்டத்தை அழிக்கிறது கொஞ்சம் வேற. அந்த ஆளுக்குப் பின்னாடி இருந்த சுவரை உங்க போன் பார்க்கவே இல்ல. சுத்தி இருக்கிற பிக்சலையும், ட்ரெய்னிங்ல பார்த்த எத்தனையோ சுவர்களையும் வச்சு, 'இப்படி இருந்திருக்கலாம்'னு ஊகிச்சு வரையுது. டிபிக்கு ஓகே. ஆனா உப்புக்காத்துல அரிச்சுக்கிட்டிருக்கிற சுவர் அது. பத்து வருஷம் கழிச்சு எவ்வளவு விழுந்திருக்குன்னு ஒருத்தர் உங்க படத்தை வச்சு ஒப்பிட்டா, இல்லாத கல்லை எண்ணிக்கிட்டு இருப்பார்.

எனக்கு உண்மையிலேயே உறுத்துறது மூணாவது வகை. "தனுஷ்கோடி ரயில், 1964, பிளாக் அண்ட் ஒயிட், கீறல் விழுந்த பழைய பிரிண்ட்"னு ஒரு ப்ராம்ப்ட் போட்டா சில நொடியில படம் ரெடி. அந்த லைன் அப்போ மீட்டர் கேஜ். மாடலுக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது, அது அதிகமா பார்த்த ஏதோ ஒரு ஊர் ஸ்டீம் இன்ஜினைத் தரும். நிஜப் படங்கள் குறைவா இருக்கிற விஷயத்துல, அந்தக் காலி இடத்துல போலி ஈஸியா உக்காந்துடும். நாளைக்கு அதையே இன்னொரு மாடல் படிச்சு, இன்னும் நூறு படம் போடும். அந்த ரயில்ல ஆளைப் பறிகொடுத்த வீட்டுக்கு அது ஃபார்வேர்டா போய்ச் சேர்ந்தா என்ன சொல்லுவீங்க?

தேர்ந்த நடுவர்களே இதுல ஏமாறுவாங்க. போரிஸ் எல்டாக்சன்னு ஒரு ஜெர்மன் கலைஞர், பழைய போட்டோ மாதிரி ஒரு ஏஐ படத்தை 2023 சோனி உலகப் புகைப்பட விருதுக்கு அனுப்பினார். அது ஒரு பிரிவுல ஜெயிச்சது. அவரே 'இது போட்டோ இல்ல'ன்னு சொல்லி விருதை வேணாம்னுட்டார்.

ரயிலைக் கற்பனை பண்ணவே கூடாதுன்னு நான் சொல்லல. வாட்டர்கலர் மாதிரி கேளுங்க, பார்க்கிறப்பவே கற்பனைன்னு தெரியும். பழைய பிரிண்ட் மாதிரி கீறல் போடச் சொல்றீங்க பாருங்க, பொய் அங்கதான் ஆரம்பிக்குது.

'மெட்டாடேட்டாவுல ஏஐன்னு இருக்கே'ன்னு டெக் ஆட்கள் சொல்லலாம். வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பினா அது பொதுவா கழண்டுடும், ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாலும் போயிடும். கேப்ஷனையும் ஈஸியா எடுத்துடலாம். அதனால 'ஏஐ படம்'னு படத்துலேயே எழுதுங்க. ஓரத்துல வேண்டாம், கிராப் பண்ணிடுவாங்க. இன்ஜின் மேலேயே எழுதுங்க.