விளையாடிக் காட்டும் தொழில்

பள்ளி இறுதி வகுப்பைத் தாண்டிய பிள்ளைகள் உள்ள வீடுகளில் இப்போது அடிக்கடி கேட்கும் ஒரு சொல் 'லைவ் ஸ்ட்ரீமிங்'. பையன் கைப்பேசியிலோ கணிப்பொறியிலோ வீடியோ கேம் ஆடுகிறான். ஆடும்போதே அதை யூடியூப் போன்ற தளங்களின் வழியே ஊரார் காண விடுகிறான். காண்போர் எழுதி அனுப்பும் வார்த்தைகளுக்கு ஆடிக்கொண்டே மறுமொழி சொல்லுகிறான். இதனைத் தொழிலாகக் கொள்ளலாமா, கொள்வதெனில் எங்ஙனம் தொடங்குவது என்னும் வினா பெற்றோர்க்கு எழுகிறது. வினா எழுந்த வீடுகளில் பெரும்பாலும் சண்டையும் உடன் எழுகிறது.

நம் அலுவலகத்தில் சரக்குப் பிரிவில் பணியாற்றும் மூத்த நண்பர் ஒருவர், சென்ற ஆண்டு ஒரு நாள், வருங்கால வைப்பு நிதியிலிருந்து ஒரு லட்சம் ரூபாய் எடுப்பதற்குரிய படிவம் கேட்டு நம் மேசைக்கு வந்தார். திருநெல்வேலிப் பக்கத்தவர், கல்யாணுக்கு வந்து இருபத்தைந்து ஆண்டுகளாகின்றன. அவர் மகன் 12-ஆம் வகுப்புத் தேறிவிட்டான். பாலிடெக்னிக்கில் இடமும் கிடைத்தாயிற்று. அவனோ, படிப்பு வேண்டாம், உயர்ந்த கணிப்பொறி ஒன்று வாங்கித் தந்தால் நேரலை நடத்தியே பிழைத்துக்கொள்வேன் என்கிறான். "தம்பி, வேண்டாமென்றால் அவன் சாப்பிட மாட்டேன் என்கிறான். வாங்கிக் கொடுத்துவிட்டால், நாளைக்கு மகள் கலியாணத்துக்கு நான் எங்கே போவேன்? நீங்களே ஒரு வழி சொல்லுங்கள்" என்றார். படிவத்தை எடுத்துக் கொடுப்பது அரை நிமிட வேலை. ஆயினும் விஷயத்தை விசாரித்தறிந்த பின் கொடுப்பதே முறையென்று நமக்குத் தோன்றியது. அவ்வாறு அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறோம்.

முதலில் பெற்றோரின் ஐயம் ஒன்றைத் தீர்த்துவிடுவோம். பிறர் விளையாடுவதை ஒருவன் ஏன் உட்கார்ந்து பார்க்க வேண்டும்? இவ்வாறு கேட்போர், வானொலிப் பெட்டியைக் காதோடு அணைத்துக்கொண்டு அப்துல் ஜப்பார் அவர்களின் தமிழ்க் கிரிக்கெட் வர்ணனையைக் கேட்ட தலைமுறையை நினைத்துப் பார்க்கட்டும். அவர்களுக்கு மைதானம் கண்ணில் படவில்லை. குரலே மைதானமாக இருந்தது. நேரலையிலும் அப்படித்தான். ஆடுகிறவனே வர்ணனையாளனும் ஆகிறான். கேட்போர் அனுப்பும் கடிதங்களுக்கு உடனுக்குடன் பதில் சொல்லும் நிலையக்காரனும் அவனே. ஆகவே இத்தொழிலுக்கு மூலதனம் ஆட்டத் திறமை அன்று, பேச்சு. ஆட்டத்தில் மிகச் சிறந்தவன் வாயைத் திறவாதிருந்தால் பத்து நிமிடத்தில் காண்போர் எழுந்து போய்விடுகின்றனர். சுமாராக ஆடுகிறவன் தன் தோல்வியைச் சுவையாகச் சொன்னால் இரண்டு மணி நேரம் இருக்கின்றனர்.

இஃது உண்மையாயின், லட்ச ரூபாய்க் கணிப்பொறி முதல் நாளே எதற்கு? கையிலுள்ள கைப்பேசியே தொடக்கத்திற்குப் போதும். யூடியூப் செயலியின் வழியாகக் கைப்பேசியிலிருந்து நேரலை செய்வதற்கு 50 சந்தாதாரர்கள் வேண்டும் என்பது விதி. கணக்கு வைத்திருப்பவர் தொலைபேசி எண்ணை உறுதி செய்ய வேண்டும்; முதன்முறை அனுமதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். தனியாக நேரலை செய்வதற்குரிய குறைந்த வயதை 2025 ஜூலையில் 13-இலிருந்து 16 ஆக உயர்த்திவிட்டார்கள். வீட்டில் பழைய கணிப்பொறி இருந்தால், ஓ.பி.எஸ். ஸ்டுடியோ என்னும் மென்பொருளை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் எதுவும் தேவையில்லை.

படத்தைவிட ஒலியே முக்கியம். படம் சற்று மங்கினால் பொறுத்துக்கொள்ளும் மனிதர், இரைச்சலைப் பொறுப்பதில்லை. கம்பியுள்ள சாதாரண இயர்போனின் மைக், மின்விசிறிக்கு நேர் கீழே அமராதிருந்தால், போதுமான அளவு தெளிவாகப் பேசும். ரயில்வே குடியிருப்பில் வண்டியின் ஊதல் ஒலியை மட்டும் தடுக்க வழியில்லை.

இணைய இணைப்பில் நாம் வழக்கமாகக் காண்பது கீழிறங்கும் வேகத்தை. நேரலைக்கு வேண்டுவதோ மேலேறும் வேகம். '720' என்று சொல்லும் தரத்தில் படம் அனுப்ப நொடிக்கு ஏறத்தாழ 4 மெகாபிட் செல்லும். இணைப்பில் 6 இருந்தால் தடுமாற்றமின்றி ஓடும். அக்கணக்கின்படி ஒரு மணி நேரத்திற்கு 1.8 ஜி.பி. ஆகிறது. நாளொன்றுக்கு 2 ஜி.பி. தரும் கைப்பேசித் திட்டத்தை நம்பி இரண்டு மணி நேரம் நடத்தப் புகுந்தவன் நடுவழியில் நின்றுவிடுவான். வீட்டில் பிராட்பேண்ட் இருப்பது நலம்.

இனி வருமானம். இங்கேதான் நம் பிள்ளைகள் கற்பனைக் குதிரையில் ஏறிவிடுகின்றனர். யூடியூப் விளம்பரப் பணத்தில் பங்கு பெறும் பொதுவான வழி இது: 1000 சந்தாதாரர்கள் சேர வேண்டும், 12 மாதங்களுக்குள் காண்போர் செலவிட்ட நேரம் 4000 மணி ஆக வேண்டும். குமாஸ்தாவின் பழக்கப்படி இதனைக் கணக்கிட்டுப் பார்த்தோம். இரண்டு மணி நேர ஒளிபரப்பைச் சராசரி 5 பேர் முழுதும் பார்த்தால் 10 மணி சேரும். 4000 மணிக்கு 400 ஒளிபரப்புகள். வாரம் இரண்டு நடத்தினால் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள். 12 மாதக் கெடுவோ முன்பே கழிந்துவிடும். சராசரி 40 பேர் பார்த்தால் 50 ஒளிபரப்புகள் போதும். ஆறு மாதத்தில் முடியும். ஐந்துக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட தூரமே இத்தொழிலின் முழுச் சிரமமும். 500 சந்தாதாரர்களும் 3000 மணியும் சேர்ந்தால் காண்போர் விரும்பி அளிக்கும் 'சூப்பர் சாட்' காணிக்கையைப் பெறலாம். அதில் நூற்றுக்கு எழுபது நடத்துபவருக்கு, மீதி நிறுவனத்துக்கு. சேரும் தொகை 100 டாலரை எட்டிய பின்னரே கைக்கு வரும்.

ஒரே ஆட்டத்தை நம்புவதும் ஆகாது. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலை மத்திய அரசு தடை செய்தபோது, அதை மட்டுமே ஆடிக்காட்டிய பலர் ஒரே இரவில் மேடை இழந்தனர். அதற்கு மாற்றாக 2021 ஜூலையில் பி.ஜி.எம்.ஐ. வந்தது, 2022 ஜூலையில் அதுவும் செயலிக் கடைகளிலிருந்து நீங்கியது, 2023 மே மாதம் மீண்டும் வந்தது. மக்கள் ஆட்டத்திற்காக வந்திருந்தால் ஆட்டத்தோடு போவார்கள். ஆளுக்காக வந்திருந்தால் சதுரங்கம் ஆடினாலும் இருப்பார்கள். இது மிகைக் கூற்றன்று. 2020-இன் ஊரடங்குக் காலத்தில் நகைச்சுவைக் கலைஞர் சமய் ரைனா சதுரங்க நேரலை நடத்தி, அந்த ஆட்டம் அறியாதவரையும் இழுத்தார். நம் விசுவநாதன் ஆனந்தே அவருடைய நிகழ்ச்சியில் தோன்றினார்.

பெற்றோர் அஞ்ச வேண்டிய இடங்களும் உண்டு. 2021 ஜூனில், ஆபாசமாகப் பேசி நேரலை நடத்திய தமிழர் ஒருவரைச் சென்னைக் காவல்துறை கைது செய்தது. அவரது நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் சிறுவர் பலர். ஆகவே பையன் கதவைச் சாத்திக்கொண்டு ஆடும் ஏற்பாட்டுக்கு எந்த வீடும் இடங்கொடுக்கலாகாது. பணம் வைத்து ஆடும் ரம்மி போன்ற ஆட்டங்களுக்கு விளம்பரம் செய்யச் சொல்லி வருவோர்க்கும் இடங்கொடுக்கலாகாது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், அத்தகைய விளம்பரத்திற்கு 2 ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. பிறகு, 'உங்களுக்கு ஒப்பந்தம் தருகிறோம்' என்று கோப்பு ஒன்றை அனுப்பிச் சேனலையே கவர்ந்துகொள்ளும் திருடர் உளர். அறியாதவர் அனுப்பிய கோப்பைத் திறவாதிருப்பதும், கணக்கிற்கு இரட்டைப் பூட்டு இடுவதும் கட்டாயம். பின்னணியில் சினிமாப் பாட்டைப் போட்டால் உரிமையாளர் கோரிக்கை வரும். 90 நாட்களுக்குள் மூன்று எச்சரிக்கை ஏறினால் சேனல் மூடப்படும்.

நம்மைப் போன்ற ரயில்வே ஊழியர் அறிய வேண்டியது ஒன்றுண்டு. 1966-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி முன் அனுமதியின்றி நாம் தனித்தொழில் செய்யலாகாது. குடும்பத்தார் தொழில் நடத்தினால் மேலிடத்திற்குத் தெரிவிக்க வேண்டும். ஆகவே சேனலைத் தந்தையார் பெயரில் திறக்க வேண்டாம். பையனுக்குப் பதினெட்டு நிறையட்டும். அவன் பெயரிலேயே இருக்கட்டும்.

நண்பரின் வீட்டில் மூன்று மாதத் தவணை ஒன்று பேசி முடித்தோம். பையன் பாலிடெக்னிக்கில் சேர வேண்டும், கைப்பேசியைக் கொண்டே தொடங்க வேண்டும், சனி, ஞாயிறு இரவு 9 முதல் 11 வரை மட்டும், கூடத்தில் அமர்ந்து. நேரத்தை நாம்தான் வற்புறுத்தினோம். சிறு நிலையத்தில் பயணி ஒருவரும் இல்லாவிடினும் பாசஞ்சர் வண்டி தன் நேரத்தில் நின்று போகிறது. அதனாலேயே ஊரார் அதை நம்பி மூட்டையைக் கட்டுகின்றனர். ஒன்பது மணி என்பதில் மற்றொரு வசதியும் உண்டு: துபாயில் அப்போது இரவு 7.30, மலேசியாவில் 11.30. தமிழர் பலரும் ஓய்ந்திருக்கும் வேளை.

ஐம்பது சந்தாதாரர் சேர்வதற்கே ஐந்து வாரம் பிடித்தது. பையன் முதலில் இந்தியில் நடத்தினான். கூட்டம் பெரிதாயினும் கடையும் ஆயிரக்கணக்கில் உண்டு, அவன் குரல் எவர் காதிலும் விழவில்லை. தமிழுக்கு மாறினான். அவன் தமிழோ இந்தியும் மராத்தியும் ஊடாடிய கல்யாண் தமிழ். முதலில் கேலி செய்தவர்களே பின்னர் "அதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்கத் தொடங்கினர். வண்டி ஊதும் ஒலி கேட்டால் "எந்த வண்டி?" என்கின்றனர், அவனும் தவறாது சொல்லுகிறான். திருநெல்வேலியிலுள்ள பாட்டி, பக்கத்து வீட்டுப் பெண்ணின் கைப்பேசியில் வந்து உட்காருகிறார். அவர் சொல்ல அப்பெண் தட்டச்சு செய்யும் வாசகம் ஒவ்வொரு வாரமும் ஒன்றே: "ஏலே, சாப்பிட்டியா?" துப்பாக்கிச் சண்டை நடுவே அவன் "சாப்பிட்டேன் ஆச்சி" என்று சொல்லுவதற்கெனவே சிலர் காத்திருக்கின்றனர்.

தமிழ் எழுத்தில் வரும் செய்திகளை அவனுக்குப் படிக்கத் தெரியாது. தொடக்கத்தில் அன்னையார் அருகிலிருந்து படித்துச் சொன்னார். இரண்டே மாதத்தில் எழுத்துக் கூட்டத் தொடங்கிவிட்டான். நம் சங்கத்து ஞாயிறு வகுப்பு மூன்றாண்டுகளில் செய்யாத காரியம் இது. வகுப்பாசிரியர் மன்னிப்பாராக.

வருமானம் இன்றுவரை ஒரு ரூபாயும் இல்லை. பார்ப்போர் ஏழு முதல் இருபது. தவணை முடிந்ததும் தந்தையும் மகனும் பேசி மேலும் ஓராண்டு நீட்டித்துக்கொண்டனர். நாற்பது பேர் நிலையாக வந்தால் கணிப்பொறி பற்றிப் பேசலாம் என்பது உடன்பாடு. பாலிடெக்னிக் தேர்வு மாதத்தில் மட்டும் ஒளிபரப்பு இல்லை. வைப்பு நிதிப் படிவம் நம் இழுப்பறையில்தான் கிடக்கிறது.

காண விழையும் அன்பர்கள் சேனலின் பெயரைச் சங்கச் செயலாளரிடம் கேட்டுப் பெறலாம். சனி, ஞாயிறு இரவு 9 மணி, தாமதம் கிடையாது.