பிராசஸ் வரம்பு முட்டினால்

லினக்ஸில் ஓடும் ஒவ்வொரு நிரலும் கெர்னலின் கணக்கில் ஒரு பிராசஸ். ஒரு பயனர் பெயரில் எத்தனை பிராசஸ்கள் ஓடலாம், ஒரு பிராசஸ் எத்தனை கோப்புகளைத் திறந்து வைத்திருக்கலாம் என்பதற்கெல்லாம் கெர்னல் வரம்பு வைத்திருக்கிறது. பிழையுள்ள நிரல் ஒன்று கட்டுமீறிப் பெருகிக் கணினியையே முடக்கிவிடாமல் காப்பது இந்த வரம்பு. 1983இல் வெளியான 4.2 பிஎஸ்டி யூனிக்ஸிலேயே வள வரம்புகள் வந்துவிட்டன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு அளவு உண்டு. நடைமுறையில் செல்லுபடியாவது மென்வரம்பு. அதை எதுவரை ஏற்றலாம் என்பது கடின வரம்பு. கடின வரம்பை உயர்த்த ரூட் அதிகாரம் வேண்டும்.

ஒரகடத்துக் கார் ஆலை ஒன்றின் அசெம்பிளி லைனை எடுத்துக்கொள்ளலாம். ஸ்டேஷனில் உள்ள ஸ்கேனர் உதிரிபாகத்தின் பார்கோடைப் படித்து சர்வருக்கு அனுப்பும். அந்த நெட்வொர்க் இணைப்பும் கெர்னலுக்கு ஒரு திறந்த கோப்புதான். வேலை முடிந்த இணைப்பை சர்வர் நிரல் மூடாமல் விட்டால், எண்ணிக்கை ஷிப்டுக்கு ஷிப்ட் ஏறும். வழக்கமான மென்வரம்பு 1024. அது நிரம்பியதும் 'டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்' என்ற செய்தி வரும். அடுத்த ஸ்கேன் பதிவாகாது.

பிராசஸ் எண்ணிக்கை முட்டினால், 'ஃபோர்க்' என்ற சொல்லோடு 'ரிசோர்ஸ் டெம்பரரிலி அனவெய்லபிள்' என்று வரும். மெமரியும் சிபியுவும் தாராளமாக இருந்தும் இச்செய்தி வந்தால் வரம்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். த்ரெட்களும், வேலை முடிந்தும் தாய் பிராசஸ் கணக்கு முடிக்காத ஸோம்பிகளும் இந்த எண்ணிக்கையில் சேரும். வரம்பு முட்டிய நிலையில், பிராசஸ்களைப் பட்டியலிடும் 'பிஎஸ்' கட்டளைகூட ஓடாது, அதற்கே புதிய பிராசஸ் வேண்டுமே. ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் 'கில்' போன்ற கட்டளைகள் வேலை செய்யும். இந்த வரம்பு ரூட்டைக் கட்டுப்படுத்தாது என்பதால், ரூட்டாக நுழைந்தும் பார்க்கலாம்.

'யுலிமிட்' கட்டளை காட்டுவது அந்த ஷெல்லின் வரம்பை மட்டுமே. சிக்கிய நிரலின் வரம்பு '/ப்ராக்' அடைவில் அதன் பிராசஸ் எண்ணுக்குக் கீழே 'லிமிட்ஸ்' கோப்பில் இருக்கும். திறந்த கோப்புகள் பக்கத்திலுள்ள 'எஃப்டி' அடைவில் வரிசையாகத் தெரியும். பலர் தடுமாறுவது அடுத்த படியில், அதாவது வரம்பை உயர்த்துவதில். 'லிமிட்ஸ்.கான்ஃப்' கோப்பில் செய்யும் மாற்றம் லாகின் செய்து நுழைபவர்களுக்கே பொருந்தும். லாகின் இல்லாமல், சிஸ்டம்டி என்ற நிர்வாக நிரல் தொடங்கும் சர்வீஸுக்கு அதன் யூனிட் கோப்பில்தான் மாற்ற வேண்டும். அங்கே 'டாஸ்க்ஸ்மேக்ஸ்' என்ற தனி வரம்பும் உண்டு. லைனை நிறுத்த முடியாத நேரத்தில், ஓடும் பிராசஸின் வரம்பை 'பிஆர்லிமிட்' கட்டளையால் ஏற்றலாம்.

கடைசியாக, எண்ணிக்கை எப்படி ஏறுகிறது என்று கவனிக்க வேண்டும். ஸ்கேனர்கள் கூடியதால் ஏறி ஓரிடத்தில் நின்றால் வரம்பை உயர்த்துவது சரி. நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் நிரலில் கசிவு இருக்கிறது. திருத்த வேண்டியது நிரலை.