மருந்தகக் கதவு மூடிய பின்னர்

வரக்காப்பொல போன்ற நகரங்களில் நோயாளரைப் பார்க்கும் தனியார் வைத்தியர்களுட் பலர் பகலில் அரசாங்க வைத்தியசாலைகளில் கடமையாற்றுபவர்கள். கடமை நேரத்துக்குப் புறம்பாகத் தனியார் சிகிச்சை அளிக்க அவர்களுக்கு அனுமதியுண்டு. ஆகவே நமது குடும்ப வைத்தியர் மாலையில் சில மணி நேரமே கிடைப்பார். நோயோ கடிகாரம் பார்த்து வருவதில்லை. இறப்பர்த் தோட்டத்து லயன் அறையிலும், நகரத்து வீட்டிலும் நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்கும்போது, “விடியட்டும், டாக்டரிடம் காட்டலாம்” என்ற வார்த்தையே முதலில் எழுகிறது. சில வேளைகளில் அந்த விடியலுக்கு முன்பே காலம் கடந்துவிடுகிறது.

முதலில் எந்தக் கதவு திறந்திருக்கிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். வெளிநோயாளர் பிரிவு மூடப்பட்டதும் வைத்தியசாலையே மூடப்பட்டுவிட்டதாகக் கருதுவோர் இன்னும் உள்ளனர். அது தவறாகும். வரக்காப்பொல ஆதார வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவு இரவு பகலாக இயங்குவது. விடுதிகளைக் கொண்ட பிரதேச வைத்தியசாலைகளிலும் இரவில் அழைப்பின் பேரில் வைத்தியர் வருவார். ஆனால் முன்னர் மத்திய மருந்தகம் எனப்பட்ட ஆரம்ப வைத்திய பராமரிப்புப் பிரிவுகளில் விடுதி கிடையாது. இரவில் அங்கு செல்வது வீண் அலைச்சல். அருகிலுள்ள நிலையம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பகலிலேயே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

கண்டி வீதியோர நகரம் என்பதால் நேரே கொழும்புக்கே போய்விடலாம் என்ற எண்ணம் நம்மவர் சிலரிடம் உண்டு. ஏறத்தாழ 60 கிலோமீற்றர் தூரம் அது. நெஞ்சுவலிக்கு முதலில் வேண்டியது ஈ.சி.ஜி. பரிசோதனை. அருகிலுள்ள வைத்தியசாலையிலேயே அதனைச் செய்து சிகிச்சையைத் தொடங்குவார்கள். தேவையெனில் அவர்களே கேகாலைக்கோ கொழும்புக்கோ தமது வாகனத்தில் அனுப்புவார்கள். பாதி வழியில் வாகனத்துக்குள் மயங்கி விழுபவருக்கு உதவ எவருமில்லை.

தோட்டங்களின் கதை வேறு. 1872 ஆம் ஆண்டிலும் 1912 ஆம் ஆண்டிலும் பிரித்தானியர் இயற்றிய வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டங்கள், தொழிலாளரின் சுகாதாரத்துக்குத் தோட்ட நிர்வாகத்தைப் பொறுப்பாக்கின. அதன் பயனாகத் தோன்றிய தோட்ட மருந்தகமும், அதிலிருந்த வைத்திய உதவியாளரும் நோயாளிக்கும் அரச வைத்தியசாலைக்கும் இடையே தலைமுறைகளாக நின்றனர். துரையின் அனுமதியும் தோட்ட லொறியும் இன்றி ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது என்ற பழைய மனப்பான்மை முதியவர்களிடம் இன்றும் முற்றாக அகலவில்லை. அனுமதி எவரிடமும் பெற வேண்டியதில்லை.

வாகனமில்லை என்பதே இரவில் கேட்கும் பெருங்குறை. 2016 ஜூலையில் இந்திய நன்கொடையுடன் மேல், தென் மாகாணங்களில் தொடங்கப்பட்ட 1990 ‘சுவசெரிய’ அம்பியூலன்ஸ் சேவை, 2018 முதல் ஏனைய மாகாணங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம். என்றாலும் வாகனம் வந்து சேர நேரமெடுக்கும் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். 2022 மே மாதத்தில், எரிபொருள் தட்டுப்பாட்டின் உச்சத்தில், ஹல்துமுல்லையில் பிறந்து இரண்டு நாளேயான சிசுவை எடுத்துச்செல்லத் தந்தை பெற்றோல் தேடி அலைந்ததும், அச்சிசு உயிரிழந்ததும் நாடு மறந்துவிடக் கூடாத செய்தி.

காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் தவிர்ந்த வேறு வலிநிவாரணி கொடுப்பது ஆபத்தானது. டெங்கு எனில் இபுபுரோபன், அஸ்பிரின் போன்றவை இரத்தக்கசிவைத் தூண்டும். 2017 இல் 1,86,000 பேருக்கு மேல் இந்நோய் கண்ட நாடு இது. ஓயாத வாந்தி, கடும் வயிற்றுவலி, கைகால் குளிர்தல், சிறுநீர் குறைதல் என்பன தென்பட்டால் காய்ச்சல் இறங்கியிருந்தாலும் காத்திருக்கலாகாது. காய்ச்சல் இறங்கும் தறுவாயில்தான் டெங்கு மோசமடைகிறது.

அதிகாலையில் பால் வெட்டச் செல்வோரைப் பாம்பு தீண்டினால் கட்டுப்போடுவதும் கீறுவதும் கூடாது. சிங்களத்தில் குணகட்டுவா எனப்படும் சிறு விரியனின் விஷத்துக்கு நம் நாட்டில் பயன்படும் மாற்றுமருந்து வேலை செய்வதில்லை. அதன் கடி சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிப்பதால் வைத்தியசாலைக் கண்காணிப்பு அவசியம்.

முஸ்லிம் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. ரமழான் பகலில் நீரிழிவு நோயாளிக்கு வியர்த்து, கை நடுங்கி, பேச்சுத் தடுமாறினால், குடும்ப வைத்தியர் மாலை வரும்வரை பொறுத்திருத்தல் ஆகாது. சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் குறைந்தால் நோன்பை உடனே துறக்குமாறே வைத்தியர்கள் கூறுகின்றனர். நோயாளி பின்னர் கழாச் செய்துகொள்ள மார்க்கத்தில் இடமுண்டு.

எங்கு சென்றாலும் கிளினிக் கொப்பியையும் உட்கொள்ளும் மாத்திரைகளையும் கையோடு கொண்டுசெல்லுங்கள். நோயின் குணத்தைச் சிங்களத்தில் விளக்க இயலாத மூதாட்டிக்கு அக்கொப்பியே வாய். 1990 ஐ அழைக்கும்போது தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது. எந்த டிவிசன், எந்த லயன், பிரதான வீதியிலிருந்து எந்தச் சந்தியில் திரும்புவது என்பதையும் சொல்ல வேண்டும். இயலுமாயின் ஒருவர் டோர்ச் வெளிச்சத்துடன் அச்சந்தியில் நிற்கட்டும்.