மந்தப் பிள்ளையா? மனம் ஒடிந்த பிள்ளையா?
செங்கல் சூளைக் குழந்தைகளுக்கு மனச் சோதனை தேவை!

காஞ்சீபுரம்,

காஞ்சீபுரத்துக்கு வெளியூர்க்காரர்கள் வருவது புதிது அல்ல. பட்டு எடுக்க வருகிறார்கள். சாமி கும்பிட வருகிறார்கள். இன்னொரு கூட்டமும் வருகிறது. அது செங்கல் அறுக்க வரும் கூட்டம்!

ஒடிசா மாநிலம் போலாங்கிர், நுவாபடா மாவட்டங்களில் அறுவடை முடிந்ததும் தரகர்கள் முன்பணம் கொடுப்பார்கள். புருஷன், பெண்சாதி, பிள்ளைகள் என்று குடும்பமே ரெயில் ஏறும். மழை பிடிக்கும் வரை சூளைதான் வீடு.

கடனைக் கழிக்க ராத்திரியிலும் மண் மிதிக்க வேண்டும். கைக்குழந்தையைப் பார்த்துக் கொள்வது யார்? 8 வயது அக்காள்தான்!

2011-ல் பக்கத்து திருவள்ளூர் மாவட்டத்துச் சூளையில் இருந்து ஒடிசாக்காரர்கள் 500-க்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள்.

"வாயே தொறக்கல"

இந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் வந்தாலும் தமிழ் தெரியாது. மூலையில் உட்காரும். "வாயே தொறக்க மாட்டேங்குது, மந்தம் போல" என்று முத்திரை விழும்.

பாஷை தெரியாமல் பேசாத பிள்ளை வேறு. பயத்தில் பேச்சு அடங்கிய பிள்ளை வேறு. ராத்திரி அலறி எழுவது, பெரிய பிள்ளை படுக்கையை நனைப்பது, காரணம் இல்லாமல் வயிற்று வலி, விளையாடக் கூப்பிட்டாலும் வராதது... இவை மனசு படும் பாட்டின் அடையாளமாக இருக்கலாம்.

25 கேள்விகள்

இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. 1997-ல் இங்கிலாந்து மனநல டாக்டர் ராபர்ட் குட்மன் 25 கேள்விப் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். பெற்றோரும் ஆசிரியரும் பதில் சொல்லலாம். 11 வயதுக்கு மேல் பிள்ளையே சொல்லலாம். "இல்லை, ஓரளவு, நிச்சயமாக" என்று மூன்றே பதில்தான். 20 கேள்விகளுக்கு 40 மார்க்கு. மீதி 5-ம் பிள்ளையின் நல்ல குணத்தைப் பற்றியவை.

மார்க்கு கூடினால் பைத்தியம் என்று அர்த்தம் இல்லை. டாக்டர் பார்க்க வேண்டிய பிள்ளை, அவ்வளவுதான்.

இலங்கையில் நடந்தது

இலங்கையின் வடகிழக்கில் போரைப் பார்த்த 420 தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் விசாரித்தார்கள். முடிவு 2009-ல் வெளியானது. 100-க்கு 92 பிள்ளைகள் குண்டுவீச்சு, சாவு போன்ற கொடுமையை அனுபவித்தவர்கள். 100-க்கு 25 பேர் மன அதிர்ச்சி நோயில் சிக்கி இருந்தார்கள்!

கண்டுபிடித்தால் குணமாகுமா? ஆகும். 2004 சுனாமிக்குப் பிறகு அங்கே 31 பிள்ளைகளுக்கு இரண்டு விதமாக 6 தடவை சிகிச்சை கொடுத்தார்கள். நடந்ததைச் சொல்ல வைத்த குழுவில் 100-க்கு 81, தியானம் செய்த குழுவில் 71 என்று 6 மாதத்தில் தேறினார்கள்.

சூளைப் பிள்ளை போரைப் பார்க்கவில்லை. ஆனாலும் கடன், மிரட்டல், அடிதடி, பாஷை தெரியாத ஊர் எல்லாம் பிஞ்சு மனசுக்குப் பாரம்தான்.

மேஸ்திரி வேண்டாம்!

சோதனையிலும் சிக்கல் உண்டு. தமிழில் கேட்டால் பிள்ளை எல்லாவற்றுக்கும் தலை ஆட்டும். மொழிபெயர்க்க மேஸ்திரியைக் கூப்பிட்டால்? எதிரே நிற்பவரைப் பற்றி எந்தப் பிள்ளை உண்மை சொல்லும்? ஒடியா தெரிந்த வெளி ஆள் வேண்டும்.

2013-ல் வந்த மத்திய அரசு திட்டப்படி டாக்டர் குழு அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு 2 தடவையும், அரசுப் பள்ளிக்கு ஒரு தடவையும் வர வேண்டும். ஆனால் தையில் வந்து ஆனியில் போகும் பிள்ளை, டாக்டர் வரும் நாளில் சூளையில் இருந்தால் யார் கணக்கில் சேரும்? சோதித்த சீட்டு பிள்ளையோடு ஒடிசா போகாவிட்டால் என்ன பிரயோஜனம்? சிகிச்சை இல்லாத சோதனை வீண் என்று 1968-லேயே உலக சுகாதார நிறுவன வெளியீடு சொல்லி விட்டது.

தறிக்காரர்களுக்குத் தெரியும்

இந்த வேதனை காஞ்சீபுரத்துக்குப் புதிதா? கோர்வைச் சேலைக்குத் தறியில் பக்கத்தில் ஒரு துணை ஆள் வேண்டும். தகப்பன் வாங்கிய முன்பணத்துக்காக அங்கே உட்கார்ந்த சிறுவர்கள் எத்தனை பேர்! 2003-ல் 'மனித உரிமைகள் கண்காணிப்பகம்' வெளியிட்ட அறிக்கையில் காஞ்சீபுரம் பெயரும் இருந்தது. அன்று உள்ளூர்ப் பிள்ளை. இன்று ஒடியாப் பிள்ளை. அன்றும் இன்றும் முன்பணம் ஒன்றுதான்.

குழந்தை ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தால் 1098. மன நல ஆலோசனைக்கு 14416. இரண்டும் இலவச போன். சூளைக்கு லாரி விடுபவரும், அரிசி விற்கும் கடைக்காரரும் இந்தப் பிள்ளைகளை தினமும் பார்க்கிறார்கள். ஒரு போன் போட அவர்களே போதும்!