வாத்துப் பொம்மையின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது?

சென்ற மாதம் ஒரு மாலை, என் மூன்று வயது மகளைக் குளிப்பாட்டிக் கொண்டிருந்தேன். அவள் தன் மஞ்சள் வாத்துப் பொம்மையை அமுக்கினாள். அடியில் உள்ள துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சியடித்தது. கூடவே சில கறுப்புத் துணுக்குகளும் வந்து அவள் கையில் ஒட்டிக்கொண்டன.

தினமும் சவர்க்காரம் போட்டுக் கழுவும் பொம்மை அது. வெளியே பளபளவென்றுதான் இருந்தது. கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டிப் பார்த்தேன். உள்சுவர் முழுவதும் கறுப்புப் படலம்; தொட்டால் வழுக்கியது. அறிவியல் ஆசிரியர் வீட்டிலேயே இப்படியா என்று நீங்கள் சிரிக்கலாம். நான் செய்த தவறு எளிமையானது. பொம்மையைக் கழுவினேன், உலர்த்தவில்லை.

அந்தப் படலம் என்ன?

பாக்டீரியாக்களும் பூஞ்சணங்களும் ஈரமான பரப்பில் ஒட்டிக்கொண்டு, பசை போன்ற பொருளைச் சுரந்து, கூட்டமாக வாழும். இதற்கு உயிர்ப்படலம் என்று பெயர். சுவிட்சர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் 2018ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வில், வீடுகளில் பயன்படுத்திய குளியல் பொம்மைகளை வெட்டிப் பார்த்தனர். உட்புறத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 50 லட்சம் முதல் 7.5 கோடி வரை நுண்ணுயிர்க் கலங்கள் இருந்தன. ஏறக்குறைய 60 விழுக்காட்டுப் பொம்மைகளில் பூஞ்சணமும் இருந்தது.

இவற்றுக்கு உணவு எங்கிருந்து கிடைக்கிறது? மென்மையான பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் கரிமச் சேர்மங்கள் ஒரு பங்கு. குளிக்கும் நீரில் கலக்கும் சவர்க்காரமும் உடல் அழுக்கும் மறு பங்கு.

பயப்பட வேண்டாம். நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்வதில்லை. ஆனால், சிறு பிள்ளைகள் அந்த நீரை முகத்தில் பீய்ச்சிக்கொள்வார்கள், வாயிலும் வைப்பார்கள். அதனால் கண், காது, குடல் ஆகியவற்றில் தொற்று ஏற்பட வாய்ப்புண்டு.

ஏன் உலரவில்லை?

நீர் ஆவியாக வேண்டுமானால், அந்த ஆவியை ஏற்கக் காற்றில் இடம் வேண்டும். வாத்தின் வயிற்றுக்குள் இருப்பது கொஞ்சம் காற்றுதான். அது விரைவில் ஆவியால் நிறைந்துவிடும். அதன்பின் எவ்வளவு நீர் ஆவியாகிறதோ, அவ்வளவும் மீண்டும் நீராகிவிடும். வெளிக்காற்று உள்ளே வருவதற்கும் ஒரே ஒரு சிறு துளைதான். நம் நாட்டிலோ வெளிக்காற்றின் ஈரப்பதமும் பல நேரங்களில் 80 விழுக்காட்டைத் தாண்டும்.

ஆகவே, குளித்து முடித்ததும் பொம்மையை நன்றாக அமுக்கி நீரை வெளியேற்றுங்கள். துளை கீழ்நோக்கி இருக்கும்படி, குளியலறைக்கு வெளியே மின்விசிறிக் காற்றில் வையுங்கள். உள்ளே கறுப்புப் படிந்துவிட்டால் தூக்கி எறிவதே நல்லது. அடுத்த முறை துளையில்லாத பொம்மையாக வாங்கச் சொல்லுங்கள்.

பொருளுக்கு ஏற்ற முறை

கெட்டிப் பிளாஸ்டிக் பொம்மைகளைச் சவர்க்கார நீரில் தேய்த்துக் கழுவி, அலசி, இடைவெளி விட்டுப் பரப்பி உலர்த்தலாம். ஈரத்தோடு கூடையில் குவித்து மூடக்கூடாது.

மரப் பொம்மைகளை ஊற வைக்காதீர்கள். மரநார்கள் நீரை உறிஞ்சி உப்பும், காயும்போது வெடிக்கும். ஈரத்துணியால் துடைத்து, உடனே காற்றாட வையுங்கள்.

துணிக் கரடி போன்றவற்றில் மேல்துணி முதலில் காய்ந்துவிடும். உள்ளே உள்ள பஞ்சு காயாது. நடுப்பகுதியை அழுத்தி, கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. ஆவியாகும் நீர் வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் வரும் குளிர்ச்சி அது.

மின்கலம் உள்ள பொம்மைகளைப் பெரியவர் துணையுடன் மின்கலத்தைக் கழற்றிவிட்டு, பிழிந்த ஈரத்துணியால் மட்டும் துடையுங்கள். பொத்தான் வடிவ மின்கலத்தைக் குழந்தை விழுங்கினால், இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்து புண்ணாகலாம். கழற்றியதைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மூடியின் திருகாணியை மறக்காமல் இறுக்குங்கள்.

வீட்டில் நோய் வந்தால்

கை, கால், வாய்ப்புண் நோய் பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தாக்குகிறது. எச்சில் பட்ட பொம்மைகள் வழியாகவும் பரவுகிறது. இந்த வைரஸ்களுக்குக் கொழுப்பு உறை கிடையாது. கொழுப்பைக் கரைக்கும் ஆல்கஹால் கைச்சுத்திகரிப்பான் இவற்றிடம் அவ்வளவாகப் பலிக்காததற்கு அதுவே காரணம். முதலில் சவர்க்காரத்தால் கழுவி அழுக்கை நீக்க வேண்டும். பிறகு குளோரின் வெளுப்பானைப் பாட்டிலில் அச்சிட்டுள்ள அளவுப்படி நீரில் கலந்து பயன்படுத்தி, நன்றாக அலசி உலர்த்த வேண்டும். இதைக் கையுறை அணிந்த பெரியவர், காற்றோட்டமான இடத்தில் செய்யட்டும். வெளுப்பானுடன் வினிகரையோ கழிவறைத் திரவத்தையோ ஒருபோதும் கலக்காதீர்கள். அமிலம் சேர்ந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளியாகும்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள இரண்டு சமையலறைப் பஞ்சுத் துண்டுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் 20 மில்லிலிட்டர் நீர் ஊற்றுங்கள். ஒன்றை மின்விசிறிக்கு எதிரே வையுங்கள். மற்றொன்றைப் பிளாஸ்டிக் போத்தலுக்குள் போட்டு, மூடியில் ஒரு சிறு துளை இடுங்கள். இரண்டையும் மணிக்கு ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து, எடைக்கும் நேரத்திற்கும் வரைபடம் வரையுங்கள். போத்தலுக்குள் இருப்பதுதான் உங்கள் வாத்து. அதன் கோடு எப்படிப் போகும் என்று முன்கூட்டியே ஊகித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, தங்கை இருக்கும் வீடென்றால், இன்று இரவே குளியலறைக்குப் போய் அவர்களுடைய பொம்மையை ஒரு வெள்ளைக் கிண்ணத்தின் மேல் அமுக்கிப் பாருங்கள். நான் அதைச் செய்யத் தாமதித்துவிட்டேன்.